பழ அழுகலும் வறண்ட நிலமும்: வீரசோழன் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

பழ அழுகல் என்பது பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் பழத்தின் சதையைச் சிதைத்து உணவாகக் கொள்வதால் ஏற்படும் கேடு. வெப்ப மண்டலப் பழங்களில் இது விரைவாக நடக்கிறது. மரத்தில் நல்ல நிலையில் இருந்த காய் சந்தைக்கு வந்த மூன்றாம் நாள் கரும்புள்ளி கண்டு, ஐந்தாம் நாள் நீர்விட்டுப் போவது தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் காணக்கூடியது. அழுகலை மக்கள் எவ்வாறு எதிர்கொண்டார்கள், அதன் காரணத்தை அறிவியல் எவ்வாறு கண்டறிந்தது, அந்த அறிவு சிறிய சந்தை வரை வந்ததா என்பவற்றை அருப்புக்கோட்டை, திருச்சுழி வறண்ட நிலத்தை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

வட்டாரம்

வீரசோழன், விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்தில், நரிக்குடி ஒன்றியத்தைச் சேர்ந்த ஊர். வாரச்சந்தை கூடும் ஊர்களில் ஒன்று. 1985ஆம் ஆண்டு புதிய மாவட்டம் பிரிக்கப்படும் வரை இப்பகுதி இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அருப்புக்கோட்டையைச் சுற்றிக் கரிசல் மண் பரவியுள்ளது. குண்டாறு மழைக்காலத்தில் மட்டும் நீர் காணும் ஆறு. மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழையளவு சுமார் 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையில், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்துவிடும். மற்ற மாதங்களில் கண்மாய்த் தண்ணீரும் கிணறும்தான் துணை.

இத்தகைய நிலத்தில் இயல்பாக நிலைத்த பழமரங்கள் பனை, புளி, இலந்தை, விளா, நாவல், நெல்லி, சீத்தா போன்றவை. வாழையும் மாவும் பப்பாளியும் பெரும்பாலும் வெளியிலிருந்து வருபவை. வாழைத்தார் தேனி, தூத்துக்குடி போன்ற பாசனப் பகுதிகளில் விளைகிறது. மாங்காய் மாவட்டத்தின் மேற்கே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத் தோப்புகளில் விளைகிறது. இவ்வட்டாரத்தில் அழுகலின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு அடிப்படையானது. உள்ளூர்ப் பழங்களை எவ்வாறு கெடாமல் வைப்பது என்பது மக்கள் நெடுங்காலமாக அறிந்தது. வண்டியில் வரும் பழத்தின் கேடு எங்கோ தொடங்கி இங்கே வெளிப்படுவது.

வெயிலும் உப்பும்

பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர ஈரம் தேவை. சதையில் உள்ள நீர் போதிய அளவு குறைந்துவிட்டால், அல்லது உப்பும் சர்க்கரையும் அந்த நீரைப் பிடித்து வைத்துக்கொண்டால், அவை வளர முடிவதில்லை. புளிப்பு மிகுந்தால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் தளர்ந்துவிடுகின்றன. இந்த மூன்று வழிகளையும் வறண்ட நிலத்து வீடுகள் பெயர் சொல்லாமலே கையாண்டு வந்தன.

புளி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மாசி, பங்குனியில் உலுக்கிய புளியம்பழத்தை ஓடு நீக்கி, கொட்டை எடுத்து, வெயிலில் காயவைத்து, உப்புச் சேர்த்துப் பானையில் அடைப்பார்கள். டார்டாரிக் அமிலமும் குறைந்த ஈரமும் உப்பும் சேர்ந்திருப்பதால் புளி ஆண்டுக்கணக்கில் கெடுவதில்லை. இலந்தைப் பழத்தை உப்பு, மிளகாய், வெல்லம் சேர்த்து இடித்துத் தட்டிக் காயவைப்பது இலந்தை வடை. நெல்லிக்காயை உப்பு நீரில் ஊறவைப்பதும், பிறகு வற்றலாக்குவதும் இதே முறையின் வேறு வடிவங்கள்.

பனம்பழம் கடினமான பழம். ஆவணி, புரட்டாசியில் தானாக விழும் பழத்தின் சதை ஓரிரு நாளில் புளித்துவிடும். யாழ்ப்பாணத்துத் தமிழர் அந்தச் சதையைப் பிசைந்து பாயில் அடுக்கடுக்காக ஊற்றி வெயிலில் காயவைத்துப் பனாட்டு செய்தார்கள். மழைக்கு முன் செய்து முடித்த பனாட்டு பல மாதங்களுக்கு உணவானது. பழனிப் பஞ்சாமிர்தமும் இந்த வரிசையில் வைக்கத்தக்கது. விருப்பாட்சி மலைவாழைப்பழத்துடன் நாட்டுச் சர்க்கரை, தேன், நெய் முதலியவை சேரும். தண்ணீர் சேர்ப்பதில்லை. சர்க்கரையின் செறிவு மிகுதியாக இருப்பதால், விரைவில் அழுகும் வாழைப்பழம் இங்கே பல நாட்கள் கெடாமல் இருக்கிறது. பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

கலயத்தில் தடவிய சுண்ணாம்பு

நுண்ணுயிர்களைத் தடுக்கும் உள்ளூர் முறைகளில் மிகத் துல்லியமானது பனையேறிகளுடையது. சீவிய பாளையிலிருந்து வடியும் சாறில் நூற்றுக்குச் சுமார் 12 பங்கு சர்க்கரை உண்டு. காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்திலும் ஒட்டியிருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சில மணி நேரத்தில் அதைப் புளிக்கச் செய்து கள்ளாக்கிவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் சாறு காரத்தன்மை அடைகிறது. அந்நிலையில் நொதிக்கும் உயிர்கள் செயல்படுவதில்லை. காலையில் இறக்குவது பதநீராகவே இருக்கும். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி.

ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. கள்ளா பதநீரா என்பதைத் தீர்மானித்தது ஒரு விரல் சுண்ணாம்பு. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருப்பதால், அந்தச் சுண்ணாம்பு தொழிலாளியின் சட்டப் பாதுகாப்பாகவும் ஆனது. நொதித்தல் உயிருள்ள ஈஸ்ட்டுகளின் செயல் என்று 1850களின் இறுதியில் பாஸ்டர் பிரான்சில் நிறுவினார். பனையேறிகள் அந்த விளக்கம் இல்லாமலே அச்செயலை நிறுத்தும் வழியைக் கைக்கொண்டிருந்தனர்.

அழுகல் காரணமா, விளைவா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, அழுகிய செடியிலோ பழத்திலோ காணும் பூஞ்சையை அழுகலின் விளைவு என்றே ஐரோப்பிய அறிஞர் பலர் கருதினர். பழம் கெட்ட பிறகு பூஞ்சை தானாகத் தோன்றுகிறது என்பது அவர்களது எண்ணம். அயர்லாந்தில் 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் இந்த விவாதத்தைக் கூர்மையாக்கியது. 1861இல் ஜெர்மானிய அறிஞர் ஆன்டன் டி பாரி, நலமான செடியில் அந்த நுண்ணுயிரின் வித்துகளை இட்டு நோயை உண்டாக்கிக் காட்டினார். பூஞ்சையே காரணம் என்பது அதன் பின்னர் நிலைபெற்றது.

பாக்டீரியாவின் பங்கு மேலும் தாமதமாகவே ஏற்கப்பட்டது. 1880 அளவில் அமெரிக்காவில் தாமஸ் பரில் பேரி மரங்களின் கருகல் நோய்க்குப் பாக்டீரியா காரணம் என்றார். செடிகளைப் பாக்டீரியா தாக்காது என்று ஜெர்மனியில் ஆல்ஃபிரட் ஃபிஷர் மறுத்தார். எர்வின் ஸ்மித் அவருடன் நெடிய வாதம் நடத்தி அக்கருத்தை முறியடித்தார். மென் அழுகலை உண்டாக்கும் பாக்டீரியாக்களுக்கு எர்வினியா என்ற பேரினப் பெயர் ஸ்மித்தின் நினைவாகவே இடப்பட்டது. அவற்றில் பல இன்று பெக்டோபாக்டீரியம் என்ற பேரினத்தில் வைக்கப்படுகின்றன.

சென்னை மாகாணத்தில் பூஞ்சை ஆய்வு

இந்தியாவில் பயிர் நோய்ப் பூஞ்சைகளின் முறையான ஆய்வு, 1901இல் வந்த எட்வின் ஜான் பட்லருடன் தொடங்குகிறது. அயர்லாந்தில் பிறந்த அவர் பின்னர் பீகாரின் பூசா ஆய்வு நிலையத்தில் பணியாற்றினார். சென்னை மாகாணத்தில் அவர் ஆராய்ந்த முக்கியமான நோய், கோதாவரிப் பகுதியில் பனைகளைக் கொன்ற குருத்தழுகல். 1907இல் அதன் காரணியைப் பித்தியம் பால்மிவோரம் என்று பெயரிட்டு விவரித்தார். பிறகு அது பைட்டோப்தோரா பால்மிவோரா ஆனது. நோயுற்ற பனைகளின் கொண்டையை வெட்டி எரிப்பதே அன்றைய தடுப்பு முறை. பட்லரின் பயிர் நோய் நூல் 1918இல் வெளிவந்தது.

பைட்டோப்தோரா பால்மிவோரா பனைக்கு மட்டும் பகையல்ல. மழைக்காலத்தில் பப்பாளிப் பழத்தில் வெண்படலம் போர்த்து அழுகச் செய்வதும், கொக்கோக் காயைக் கருக்குவதும் இதுவே. தோற்றத்தில் பூஞ்சை போல இருந்தாலும், இன்றைய வகைப்பாட்டில் இது உண்மைப் பூஞ்சைகளில் சேர்வதில்லை. பழுப்புப் பாசிகளுக்கு நெருங்கிய குழுவில் வைக்கப்படுகிறது.

மாகாணத்தின் வேளாண்மைக் கல்லூரி 1906இல் சைதாப்பேட்டையிலிருந்து கோயம்புத்தூருக்கு மாறியது. வில்லியம் மக்ரே முதலிய அரசுப் பூஞ்சையியலாளர்களின் பணி அங்கே வளர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில் டி. எஸ். சதாசிவன் மண்ணில் வாழும் பூஞ்சைகளையும் வாடல் நோயையும் ஆராய்ந்தார். அம்மரபில் வந்த சி. வி. சுப்பிரமணியன் இந்தியப் பூஞ்சைகளின் ஒரு பெரும் பிரிவைத் தொகுத்து 1971இல் நூலாக்கினார். ஜி. ரங்கசாமி இந்தியாவின் பாக்டீரியப் பயிர் நோய்கள் பற்றி 1962இல் தனி நூல் எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் தமிழ்நாட்டில் இத்துறை வேரூன்றிவிட்டது. ஆனால் அதன் கவனம் பெரும்பாலும் நெல், பருத்தி, தினை வகைகள், தென்னை போன்ற பயிர்களின் வயல் நோய்கள் மீதே இருந்தது. பறித்த பின் பழத்துக்கு நேர்வது நெடுங்காலம் வணிகரின் கவலையாகவே எண்ணப்பட்டது.

உறங்கும் பூஞ்சை

பறித்த பின் நேரும் அழுகலைப் பற்றிய அடிப்படை ஆய்வுகள் ஏற்றுமதித் தேவையிலிருந்து பிறந்தவை. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்ற வாழை வழியிலேயே கெட்டதால், டிரினிடாடில் குளிர்பதன ஆய்வு நிலையம் அமைந்தது. அங்கே வார்ட்லா 1930களில் வாழையின் நோய்களைத் தொகுத்தார். வாழைப்பழத்தைச் சுமார் 13 பாகை செல்சியசுக்குக் கீழே வைத்தால் தோல் கருத்துவிடும் என்பதால், வெறும் குளிர் மட்டும் தீர்வாக அமையவில்லை.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் சிம்மண்ட்ஸ் 1940களின் தொடக்கத்தில் முக்கியமான உண்மையொன்றை விளக்கினார். வாழை, மா, பப்பாளிப் பழங்களில் கரும்புள்ளியாகத் தோன்றும் கொலிட்டோட்ரைக்கம் பூஞ்சை, பழுத்த பின் வந்து ஒட்டுவதல்ல. காய் பச்சையாக மரத்தில் இருக்கும்போதே மழைத்துளியோடு தெறித்த வித்து தோலில் முளைத்து, சிறிய ஒட்டுறுப்பை அமைத்து, தோலடியில் அடங்கிவிடுகிறது. பச்சைக் காயின் தோலில் உள்ள தற்காப்புப் பொருள்கள் அதை மேலே செல்ல விடுவதில்லை. பழம் கனிந்து அப்பொருள்கள் குறைந்ததும் அது வளரத் தொடங்குகிறது.

அது காலத்தை எவ்வாறு அறிகிறது என்ற கேள்விக்கு 1994இல் ஒரு விடை கிடைத்தது. பழம் கனியும்போது வெளியிடும் எத்திலீன் வாயுவே கொலிட்டோட்ரைக்கம் வித்துகளை முளைக்கவும் ஒட்டுறுப்புகளை அமைக்கவும் தூண்டுகிறது என்று ஃபிளாய்ஷ்மனும், கேரளத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கொலாட்டுக்குடியும் காட்டினர். பழத்துக்குக் கனியும் அறிகுறியாக இருப்பதே பூஞ்சைக்கும் அறிகுறியாகிறது.

வீரசோழன் போன்ற ஊருக்கு இதன் பொருள் தெளிவானது. கொலிட்டோட்ரைக்கம் பரவ மழையும் ஈரமும் தேவை. வறண்ட நிலத்தில் அவை குறைவு. ஆனால் ஈரமான தோட்டத்தில் பூத்துக் காய்த்த தார், அந்தத் தோட்டத்தின் மழையைத் தோலில் சுமந்தே வருகிறது. சந்தையில் வாங்கும்போது பச்சையாகவும் பளபளப்பாகவும் இருந்த காய், விற்பவரின் கையில் கருக்கிறது. அது அவருடைய கவனக்குறைவால் நேர்வதன்று.

கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்துள்ளன. எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் அளவு வரை பயன்படுத்த அனுமதி உண்டு. இரண்டில் எந்த முறையும் பூஞ்சையைக் கொல்வதில்லை. ஒரே நாளில் சரக்கு முழுவதும் நிறம் மாறும்போது, அதிலுள்ள உறங்கும் பூஞ்சையும் ஏறத்தாழ ஒரே நாளில் விழித்துக்கொள்கிறது.

தாரும் சீப்பும்

உலக வாழை வணிகத்தில் 1950கள் வரை முழுத் தாராகவே பழம் கப்பலேறியது. பனாமா வாடல் நோய் குரோ மிஷேல் வகையை அழித்ததால், நிறுவனங்கள் அந்நோயைத் தாங்கும் கேவண்டிஷ் வகைக்கு மாறின. அதன் தோல் எளிதில் நசுங்குவதால், தோட்டத்திலேயே சீப்பாக வெட்டி அட்டைப் பெட்டியில் அடுக்கும் முறை வந்தது. அதனுடன் புதிய கேடும் வந்தது. சீப்பு வெட்டிய அடிப்பகுதி திறந்த புண். அப்புண் வழியே கொலிட்டோட்ரைக்கம், ஃபியூசேரியம், லேசியோடிப்ளோடியா முதலிய பல பூஞ்சைகள் நுழைந்து காம்பைக் கருக்கிப் பழங்களை உதிரச் செய்தன. சீப்பு அடியழுகல் எனப்படும் இந்நோய், தாராக விற்ற காலத்தில் பெரிய சிக்கலாக இருக்கவில்லை.

அதற்கு விடையாக 1960களின் பிற்பகுதியிலிருந்து தயாபெண்டசோல், பெனோமில் போன்ற பூஞ்சைக்கொல்லிகள் வந்தன. சில ஆண்டுகளிலேயே, 1970களில், அவற்றுக்கு அடங்காத பூஞ்சை வகைகள் தோன்றின. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதே காரணம்.

தமிழ்நாட்டுச் சிறு சந்தைகளில் தார் இன்றும் தாராகவே வந்து, கயிற்றில் தொங்கி, கேட்பவருக்குச் சீப்பாக அறுக்கப்படுகிறது. பழமையான பழக்கம் என்று கருதப்படும் இம்முறையில் ஒரு பாதுகாப்பு உண்டு. வெட்டுவாய் விற்கும் நேரத்தில்தான் உண்டாகிறது. தொங்கும் தாரில் பழங்கள் ஒன்றையொன்று நசுக்குவதும் குறைவு.

வெப்பத்தை விரும்பும் பூஞ்சை

வறண்ட நிலம் எல்லாப் பூஞ்சைகளுக்கும் எதிரியன்று. லேசியோடிப்ளோடியா தியோபுரோமே 30 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் நன்கு வளர்கிறது. 1892இல் ஈக்வடாரின் கொக்கோவில் முதலில் விவரிக்கப்பட்ட இது, மாம்பழத்தின் காம்பழுகலுக்கும் சீத்தாப்பழம் கருத்துச் சுருங்குவதற்கும் காரணம். கிளைகளில் அடங்கி வாழும் இது, மரம் நீரின்றி வாடும்போது வலுப்பெறுகிறது. எனவே கோடையில் தவித்த மரத்தின் காய்க்கு ஆபத்து கூடுதல். காம்பைச் சிறிது விட்டுப் பறிப்பதும், மாங்காய் கீழே விழாமல் வலைப்பை கட்டிய தொரட்டியால் பறிப்பதும் இதைக் குறைக்கும். மாம்பழத்தைச் சுமார் 52 பாகை வெந்நீரில் சில நிமிடங்கள் முக்கி எடுத்தால் தோலடியில் உறங்கும் கொலிட்டோட்ரைக்கம் பெரிதும் அழியும்.

அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையம் வறண்ட நிலப் பழமரங்களில் பணி செய்துள்ளது. ஏபிகே 1 என்ற சீத்தா வகை அங்கிருந்து வந்தது. சீத்தா வறட்சியைத் தாங்கும் மரம். பழமோ கனிந்த பின் இரண்டு, மூன்று நாட்களே நிற்கும். குளிர்பெட்டியில் வைத்தால் தோல் கருத்துவிடும். வறட்சிக்கு ஏற்ற மரத்தைக் கண்டறிவது பாதி வெற்றிதான் என்பதை இப்பழம் காட்டுகிறது.

பாக்டீரியாவின் பங்கு

பழ அழுகலில் பூஞ்சை முன்னிற்கக் காரணம் புளிப்பு. பெரும்பாலான பழங்களின் அமிலத்தன்மை பாக்டீரியாவைத் தடுக்கிறது. பூஞ்சையை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. புளிப்புக் குறைந்த பப்பாளி, தர்பூசணி, முலாம்பழம் ஆகியவற்றில் பாக்டீரியாவுக்கு இடம் உண்டு. அறுத்து வைத்த தர்பூசணி வெயிலில் விரைவாகக் கெடுவதும் அதனால்தான். மாவில் கரும்புள்ளி உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவை 1948இல் படேல், மோனிஸ், குல்கர்ணி ஆகியோர் இந்தியாவில் விவரித்தனர். இது காற்றும் மழையும் உண்டாக்கும் சிறு காயங்கள் வழியே நுழைகிறது.

அழுகிய பழம் எப்போதும் கேட்டையே தந்ததில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1943இல் அமெரிக்காவின் பியோரியா நகரச் சந்தையில் கிடைத்த பூசணம் பிடித்த முலாம்பழத்திலிருந்து எடுத்த பெனிசிலியம் வகையே பென்சிலின் மருந்தைப் பெருமளவில் தயாரிக்க வழிசெய்தது. அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு பூஞ்சைகள் நெல்லிக்காயில் நீலப் பூசணமாகத் தோன்றுகின்றன. அவற்றை மருந்து என்று எண்ணி உண்பது தவறு. அந்தப் பேரினத்தில் நச்சு சுரப்பவையும் உண்டு. மென்மையான பழத்தில் பூசணம் கண்ட இடத்தை மட்டும் அறுத்துவிட்டு மற்றதை உண்பதும் நல்லதன்று. கண்ணுக்குத் தெரியாத இழைகள் சதைக்குள் நெடுந்தூரம் சென்றிருக்கும்.

இழப்பு யாருக்கு?

இந்தியாவில் விளையும் பழத்தில் மூன்றில் ஒரு பங்கு அழுகுகிறது என்ற கூற்று அடிக்கடி சொல்லப்படுகிறது. லூதியானாவில் உள்ள அறுவடைப் பின்சார் மைய ஆராய்ச்சி நிறுவனம் நாடு தழுவி எடுத்து 2015இல் வெளியிட்ட கணக்கு இதைவிடக் குறைவானது. அதன்படி அறுவடையிலும் அதன் பின்னும் நேர்ந்த இழப்பு கொய்யாவில் 15.88 விழுக்காடு, மாவில் 9.16, வாழையில் 7.76, பப்பாளியில் 6.70. இவை நாட்டின் சராசரிகள். ஒரு சரக்கு முழுவதும் கெடுவது இந்த எண்களில் தெரிவதில்லை.

தோட்டக்காரர் காயை விற்றுப் பணம் பெற்றுவிடுகிறார். மொத்த வணிகர் இரண்டு நாளில் கைமாற்றிவிடுகிறார். உறங்கும் பூஞ்சை விழிக்கும் நேரத்தில் பழம் பெரும்பாலும் கடைசிக் கையில், அதாவது சந்தைத் தரையில் சாக்கு விரித்துக் கூறு கட்டி விற்பவரிடம் இருக்கிறது. மாலையில் விலை இறக்கி, மிஞ்சியதை ஆட்டுக்குப் போடுகிறவர் அவரே. மழையில் நனைந்த தோட்டத்தில் தொடங்கிய நோய்க்கு விலை கொடுப்பது, மழை பெய்யாத ஊரின் சிறு வியாபாரி.

இதற்கான வழிகள் பெரும் செலவு கேட்பவை அல்ல. காயம்படாமல் பறித்தல், காம்பு விட்டு வெட்டுதல், தாரைத் தாராகவே கொண்டுவருதல், அழுகியதை நல்ல பழத்தோடு வைக்காமல் உடனே பிரித்தல், கூடைகளைக் கழுவி வெயிலில் காயவைத்தல், நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைத்தல் ஆகியவை பூஞ்சையின் வாழ்க்கைச் சுழற்சியை அறிந்தவர் சொல்லும் முதல் விதிகள். இவற்றில் பல பழைய வழக்கங்களே. விற்காத பழத்தை அன்றே வற்றலாகவோ ஊறுகாயாகவோ மாற்றும் வழக்கமும் அவ்வாறே. புளிப்பானையும் சுண்ணாம்புக் கலயமும் அறிந்திருந்த வட்டாரத்தில் அவ்வழக்கம் பனை, இலந்தை ஆகிய உள்ளூர்ப் பழங்களோடு பிணைந்திருந்தது. வெளியிலிருந்து வரும் வாழைக்கும் மாவுக்கும் அது நீளுமானால், கடைசிக் கையின் இழப்பு குறையும்.